ட்ரெயிலருக்குச் சில்லுக்கட்டை: எதை வாங்குவது, எப்படி வைப்பது

ஜீப்பில் கொழுவியிருக்கும்வரை ட்ரெயிலர் எங்கே போகும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஜீப்பின் ஹேண்ட் பிரேக் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். ஜீப்பின் பின்னாலுள்ள இரும்புப் பந்தைக் கவ்வும் கப்ளரின் பூட்டைத் திறந்து, ட்ரெயிலரின் மூக்கைத் தாங்கும் சின்ன ஜொக்கி சில்லின் கைபிடியைச் சுற்றி, முன்பக்கத்தைப் பந்திலிருந்து மேலே கிளப்பும் அந்த நொடியில் அது தனி வண்டியாகிவிடுகிறது. எங்களுடையது ஒற்றை அச்சு ட்ரெயிலர். படுக்கை, சின்ன அடுப்படி, தண்ணீர்த் தாங்கி, பிள்ளைகளின் உடுப்புப் பைகள் எல்லாம் ஏறினால் 1200 கிலோ அளவில் வரும். அவ்வளவு பாரமும் அப்போது இரண்டு டயரிலும் ஒரு ஜொக்கி சில்லிலும் நிற்கிறது. மூன்றுமே உருளக்கூடியவை. அப்படி உருளாமல் தடுக்க டயருக்கடியில் தள்ளி வைக்கும் ஆப்பு வடிவத் துண்டுதான் சில்லுக்கட்டை.

எனக்குத் தெரிந்தவர்களில் ட்ரெயிலர் வாங்கியவர்கள் பற்றரி, சோலர், ஏசி என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கட்டையைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ட்ரெயிலரோடு வந்த இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகளை டயருக்கு முன்னால் காலால் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் ரோட்டோரத்தில் கிடக்கும் கல்லை எடுத்து வைக்கிறார்கள். உருண்டைக் கல்லில் டயர் ஏறிவிடும், இல்லையென்றால் கல் புரண்டுவிடும். போகும்போது அதை எடுத்துப் போடாமல் விட்டால் இரவில் வரும் மோட்டார் சைக்கிள்காரனுக்கு ஆபத்து. கல் வைப்பதை நான் முற்றாகவே தவிர்க்கச் சொல்வேன்.

கொழும்பில் நிலம் தட்டைதானே என்று நினைப்போம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பார்த்தால் தெரியும். எங்கள் ஒழுங்கையும் அப்படித்தான். அதோடு மழை வெள்ளம் உள்ளே வராமலிருக்க வீட்டு முற்றத்தை ரோட்டைவிட உயர்த்தியிருக்கிறோம். கேற்றடியில் காணுக்கு மேலாக ஒரு சரிவு, முற்றத்திலும் தண்ணீர் ஓட ஒரு சின்னச் சரிவு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் செய்வது இதுதான்: ட்ரெயிலர் நிற்கப்போகும் இடத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ ட்ரெயிலரும் அந்தப் பக்கம்தான் போக நினைக்கும்.

எவ்வளவு விசையோடு போக நினைக்கும் என்பதையும் எளிதாகக் கணக்குப் பார்க்கலாம். 20 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில், 1200 கிலோ ட்ரெயிலரைக் கீழே இழுக்கும் விசை சுமார் 60 கிலோ பாரத்துக்குச் சமம். 10 அடிக்கு 1 அடி என்றால் அது 120 கிலோ. ஒரு ஆள் கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் இந்தக் கணக்கைப் பார்த்ததும் போய்விட வேண்டும். ஓடத் தொடங்கிய வண்டியைப் பிடிக்க யாரும் குறுக்கே போகவே கூடாது. இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ட்ரெயிலரிலேயே ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று கேட்பார்கள். உள்ளூரில் செய்த சில ட்ரெயிலர்களில் அது இல்லவே இல்லை. இருக்கும் ட்ரெயிலர்களிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓவர்ரன் பிரேக் (ஜீப் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னால் தள்ளும் விசையில் தானாகப் பிடிக்கும் பிரேக்) உள்ளவற்றில், ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொள்ளாமலிருக்க டிரம்முக்குள் ஒரு ஏற்பாடு செய்திருப்பார்கள். அதனால் ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகும், பின்பக்கம் சரிவாக இருந்தால், கொஞ்ச தூரம் உருண்ட பிறகுதான் பிடிக்கும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் மதிலோ காணோ இருந்தால் என்ன செய்வது? பிரேக்கும் வேண்டும், கட்டையும் வேண்டும்.

சரி, எந்தக் கட்டை?

கட்டை டயரைப் பிடித்தால் மட்டும் போதாது, நிலத்தையும் பிடிக்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டயர் படும் பக்கத்தின் வளைவையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு இது தெளிவானது முற்றத்தில் செய்து பார்த்த ஒரு சோதனையில். எங்கள் முற்றம் இன்டர்லொக் கல். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கினால் மதிலோரக் கற்களில் பச்சைப் பாசி பிடித்துவிடும். ட்ரெயிலரைக் கழற்றாமல், அண்ணா ஜீப்பில் பிரேக்கில் கால் வைத்தபடி இருக்க, மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை டயர்களுக்கு முன்னால் வைத்துவிட்டு நான் பக்கவாட்டில் தள்ளி நின்றேன். அண்ணா பிரேக்கை மெல்லத் தளர்த்தினார். டயர் கட்டையில் ஏறவும் இல்லை, நிற்கவும் இல்லை. கட்டையையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அவர் பிரேக்கை மிதித்து நிறுத்திய பிறகு பார்த்தால், பாசியில் கட்டை வழித்துக்கொண்டு வந்த தடம் வெள்ளையாக ஒரு சாண் நீளத்துக்குத் தெரிந்தது. அதே கட்டையைக் காய்ந்த, சொரசொரப்பான சீமெந்துத் தரையில் வைத்தபோது நன்றாகவே நின்றது.

அதனால் பிளாஸ்டிக்கே கூடாது என்று சொல்ல மாட்டேன். பாரம் குறைவு, தண்ணீர் பட்டால் ஊறாது, பெண்களும் பிள்ளைகளும் எளிதில் தூக்கி வைக்கலாம். உள்ளே வெறுமையாக, மெல்லிய சுவரோடு இருப்பதைத் தவிர்த்து, அடியில் இறப்பர் தட்டு ஒட்டியதைப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நாளடைவில் வெளிறி நொறுங்கத் தொடங்கும். விளிம்பில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு கண்டால் பிறகு அதை நம்ப வேண்டாம்.

என் விருப்பம் இறப்பர்க் கட்டை. 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய இறப்பர் நாடு இது. திடமான தொழில்துறை டயர்கள் இங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போகின்றன. வெளிநாட்டுப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக்கைத் தேடி அலைவதைவிட, பஞ்சிகாவத்தையில் லொறிச் சாமான் விற்கும் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றினால் கறுப்பு இறப்பர்க் கட்டை கையில் கிடைக்கும். கடையிலேயே தூக்கிப் பாருங்கள், கைக்குப் பாரமாக இருக்க வேண்டும். நகத்தால் விளிம்பை அழுத்திப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் அது தரமில்லாத கலவை. அடியில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் ஈரத்தில் பிடிப்பு கூடும். கயிறு கட்ட ஓட்டையோ வளையமோ இருக்க வேண்டும். இரும்பு வளையம் என்றால் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெள்ளவத்தை, காலி முகத்திடல் பக்கம் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

இறப்பரும் பாசியில் வழுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டை வைக்கும் இடத்தைச் சுரண்டித் தூரிகையால் தேய்த்துக் காயவிட்ட பிறகுதான் எங்கள் முற்றத்தில் இறப்பர்க் கட்டை அசையாமல் நின்றது. போர்ட்டிக்கோவில் மினுமினுப்பான டைல்ஸ் போட்டவர்கள் ட்ரெயிலரை அங்கே நிறுத்தாமலிருப்பதே நல்லது.

அளவு பற்றி எல்லோரும் பின்பற்றும் ஒரு பொதுக் கணக்கு உண்டு: கட்டையின் உயரம் டயரின் முழு உயரத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். எங்கள் ட்ரெயிலரில் இருப்பது வான்களுக்குப் போடும் 185 ஆர் 14 டயர். நிலத்திலிருந்து மேல் விளிம்புவரை சுமார் 65 சென்டிமீட்டர். கால் பங்கு என்றால் 16 சென்டிமீட்டர். காருக்கு விற்கும் சின்னக் கட்டைகள் இதற்குப் பாதிகூட வராது. அவற்றின் மேல் டயர் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். அகலமும் டயரின் அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். கட்டையில் பார அளவு அச்சிட்டிருந்தால், ட்ரெயிலரின் வெறும் எடையோடு ஒப்பிடாமல் எல்லாம் ஏற்றிய எடையோடு ஒப்பிடுங்கள். தாங்கியில் 100 லீட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 100 கிலோ.

மரக்கட்டையையும் குறைவாக நினைக்காதீர்கள். மலைநாட்டுக்கு ஓடும் லொறிகளில் பக்கவாட்டில் தொங்குவது பெரும்பாலும் மரக்கட்டைதான். மொரட்டுவையில் தெரிந்த பட்டறை இருந்தால் டயரின் கால் பங்கு உயரத்துக்குக் குறையாத சதுரத் துண்டில் வெட்டித் தருவார்கள். பாலை, தேக்கு போன்ற வைரம் பாய்ந்த மரமாகக் கேளுங்கள். மரத்தின் நார் கட்டையின் நீளவாட்டில், அதாவது நிலத்தோடு ஒட்டி ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் டயருக்கு அடியில் போகும் மெல்லிய நுனி முதல் நாளே உடைந்து போகும். அடியில் பழைய டயர்த் துண்டு ஒன்றை ஆணி அடித்து, ஆணித் தலை வெளியே தெரியாமல் உள்ளே இறக்கிவிட்டால் பிடிப்பு வரும். வேலை முடிந்ததும் ஈரமண்ணில் போட்டு வைக்க வேண்டாம்.

இரட்டை அச்சு ட்ரெயிலர் வைத்திருப்பவர்கள் இரண்டு டயருக்கும் இடையில் வைத்து முறுக்கி விரிக்கும் இரும்புக் கத்திரிக் கட்டையை வாங்குகிறார்கள். உள்ளே நடக்கும்போது ட்ரெயிலர் முன்பின் ஆடுவதைக் குறைக்க அது அருமையான பொருள். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அது நிலத்தைத் தொடுவதே இல்லை. நிலத்தில் நிற்கும் கட்டையை வைத்த பிறகுதான் அதைப் போட வேண்டும்.

நல்ல கட்டை வாங்கியாயிற்று. வைக்கும் முறை பிழைத்தால் அந்தக் காசு வீண். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் கிராண்ட்பாஸில் நீண்டகாலம் லொறி ஓட்டிய ஒரு மாமா. அவர் சொன்னது: "தம்பி, கட்டையை வச்சாப் போதாது. வண்டிய அதுல உட்கார வைங்க. உட்கார்ந்த பிறகு கழட்டுங்க."

நாங்கள் இப்போது செய்வது அப்படித்தான். முதலில் இடது வலது மட்டத்தைப் பார்ப்பேன். மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டத்தை உள்ளே தரையில் குறுக்காக வைத்தால் போதும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்க டயரைப் பலகையில் ஏற்றுவோம். இதைக் கட்டை வைக்க முதலே செய்ய வேண்டும், ஏனென்றால் டயரை உருட்டாமல் பலகையில் ஏற்ற முடியாது. பலகை நீளமாக இருக்க வேண்டும். டயரும் கட்டையும் சேர்ந்து அதன்மேல் நிற்க வேண்டும்.

அப்புறம் பள்ளப் பக்கத்துக் கட்டைகள். இரண்டு டயருக்கும், டயரின் நடுவில், நேராக, நுனி டயருக்கடியில் போகும்வரை தள்ளி வைக்க வேண்டும். வைப்பவர் டயருக்கு நேரே குந்தியிருக்கக் கூடாது, பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி வைக்க வேண்டும். வைத்த பிறகு அண்ணா ஜீப்பின் பிரேக்கை அங்குலம் அங்குலமாகத் தளர்த்துவார். ட்ரெயிலர் ஒரு விரல் அகலம் நகர்ந்து, டயரின் கீழ்ப் பக்கம் கட்டையின் வளைவில் அமுங்கிப் புடைக்கும். கட்டை நிலத்தில் அழுந்தும்போது கீழே கிடக்கும் மணல் நொறுங்கும் சத்தம்கூடக் கேட்கும். அந்த நேரம் கட்டை நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நகர்ந்தால் பிரேக், பிறகு இடத்தைச் சுத்தம் செய்து மறுபடியும். ஜீப் இன்னும் கொழுவியிருப்பதால் இந்தச் சோதனையில் ஆபத்தில்லை. கழற்றிய பிறகு இதைச் சோதிக்கவே முடியாது.

நகராமல் நின்றுவிட்டால் ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கையும் ட்ரெயிலரின் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, டயர்களின் மறுபக்கத்திலும் கட்டை வைப்போம். ஒரே டயரின் இரண்டு கட்டைகளையும் கயிற்றால் இணைத்து இழுத்துக் கட்டினால் எதுவும் விலகாது. அதன் பிறகே கப்ளர். கப்ளர் பந்தில் இறுகிக் கிடந்தால் பலத்தைப் போட்டுத் தூக்க வேண்டாம். ஜீப்பை ஒரு விரலளவு முன்னுக்கோ பின்னுக்கோ எடுத்தால் தானாக விடுபடும். இறுக்கத்தோடு தூக்கினால் கழன்றவுடன் ட்ரெயிலர் குதிக்கும். எங்கள் முற்றத்தில் பள்ளம் கேற் பக்கம், ட்ரெயிலரின் மூக்கும் அந்தப் பக்கம்தான். ஜொக்கி சில்லைச் சுற்றுபவர் நிற்பது சரியாக ட்ரெயிலர் ஓடக்கூடிய வழியில். அதனால் கைபிடியைச் சுற்றும்போது மூக்குக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நின்று சுற்றுவதை விடாப்பிடியான பழக்கமாக்கியிருக்கிறோம். பாதுகாப்புச் சங்கிலியைக் கடைசிவரை கழற்றுவதில்லை. கப்ளர் பந்தைவிட்டு மேலே வந்து, ட்ரெயிலர் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் சங்கிலி.

முன்பின் மட்டத்தை ஜொக்கி சில்லால் சரிசெய்த பிறகு நான்கு மூலைக் கால்களையும் இறக்குவோம். அந்தக் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டும்தான். அவை வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துக் கட்டை இல்லாமல் இறக்கிவிட்டு ஆட்கள் உள்ளே ஏறினால், ட்ரெயிலர் கொஞ்சம் உருண்டாலே கால்கள் மடங்கிவிடும்.

வெளியூர் போனால் நிலம் மாறும், கட்டையின் வேலையும் மாறும். கற்பிட்டியில் மணல். மணலில் எந்தக் கட்டையும் பாரம் வந்தவுடன் கீழே புதைந்து, டயருக்குச் சின்ன மேடு மட்டும் மிஞ்சும். அங்கே தடித்த பலகையை விரித்து, டயரும் கட்டையும் அதன்மேல் நிற்கும்படி வைப்போம். ஜொக்கி சில்லுக்கும் ஒரு பலகைத் துண்டு வேண்டும். நுவரெலியாவில் வேறு பிரச்சினை. மலையேறி வந்த டயர் சூடாக இருக்கும். இரவுக் குளிரில் 10 பாகை செல்சியஸ் இறங்கினால் டயரில் சுமார் 2 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் குறையும். டயர் சற்றுத் தளர, இரட்டை அச்சு ட்ரெயிலர்களில் முந்திய மாலை இறுக்கமாக இருந்த கத்திரிக் கட்டை காலையில் கையால் ஆட்டினால் ஆடும். நிலக்கட்டைக்கும் டயருக்கும் இடையில்கூடச் சில நேரம் நூலிடைவெளி தெரியும். காலையில் தேநீருக்கு முன்பே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கட்டைகளைத் தள்ளிப் பார்த்து, இறுக்க வேண்டியதை இறுக்கிவிடுவேன். மழை பெய்து நின்ற பிறகும் அப்படியே. செம்மண் ஊறினால் கட்டை இருந்த இடம் இளகிவிடும்.

வீட்டில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது எங்கள் வழக்கம் கொஞ்சம் வேறு. கொழும்பின் ஈரக்காற்றில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே விட்டால் பிரேக் லைனிங் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நகர்த்தும்போது சில்லு சுற்றாமல் இழுபடும். அதனால் முற்றத்திலேயே மட்டமான இடம் பார்த்து, நான்கு பக்கமும் கட்டை வைத்துச் சோதித்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுவோம். சரிவில் நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை விடவே மாட்டேன், ஒட்டினால் பிறகு தட்டிக் கழற்றலாம். தெருப்பிள்ளைகள் பந்து பொறுக்க முற்றத்துக்குள் வருவார்கள். கட்டையை விளையாட்டுச் சாமானாக எடுத்துப் போகாமலிருக்க அதைச் சங்கிலியால் அச்சோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறோம்.

புறப்படும்போது எல்லாம் தலைகீழ் வரிசை. மூலைக் கால்களைத் தூக்குவது, ஜீப்பைப் பின்னால் கொண்டுவந்து கப்ளரைப் பந்தில் இறக்கிப் பூட்டுவது, பூட்டு விழுந்ததா என்று ஜொக்கி சில்லால் மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பது, சங்கிலி, லைட் வயர். இவ்வளவும் முடிந்து ஜீப்பின் பிரேக் பிடித்திருக்கிறது என்று ஓட்டுபவர் வாயால் சொன்ன பிறகுதான் கட்டையில் கை வைப்பேன். கட்டைகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, கயிற்றின் நுனியைக் கதவுக் கைபிடியில் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். கதவைப் பூட்டப் போகிறவர் கண்ணில் படாமல் போகாது.

பள்ளப் பக்கத்துக் கட்டை சில நேரம் டயருக்கடியில் இறுகிவிடும். சுத்தியலால் அடிக்காதீர்கள், டயருக்கும் கைக்கும் கேடு. ஜீப்பை மேட்டுப் பக்கம் ஒரு அங்குலம் எடுக்கச் சொல்லுங்கள். ட்ரெயிலர் அந்தப் பக்கம் நகரத் தடையாக இருக்கும் மேட்டுப் பக்கக் கட்டையை மட்டும் அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். பாரம் விலகி ஜீப் மறுபடி பிரேக் பிடித்ததும், கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்தாலே கட்டை வந்துவிடும். ட்ரெயிலரின் முன்பெட்டியில் மற்றச் சாமான்களுக்கு மேலே போடுங்கள். அடுத்த இடத்தில் முதலில் தேவைப்படுவது அதுதான்.